ஏத்துக்கூலி

என் கடையின் கடன் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் கடைசிக் கட்டம் 'ஏ.கூ.' ஏத்துக்கூலி. கீழே தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். வண்டி வாசலிலேயே இறக்கிவிடும். மலைச்சரிவில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் மூட்டைக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு. வண்டி நுழையாத சந்துகள் அவை. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, படி என்று சொல்ல முடியாத படிகளில் ஏற வேண்டும். 1991-இல் கடை திறந்தபோது மூட்டைக்கு இரண்டு ரூபாய் வாங்கினோம். கடையை மகனிடம் ஒப்படைத்தபோது நாற்பது. விலைவாசி ஏறியது ஒரு காரணம். வீடுகளும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன.

திருவண்ணாமலைக் கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் தெரு மெல்ல மேடாகும். கொஞ்ச தூரத்தில் மேடு சரிவாகும், தார் ரோடு சிமெண்டு ரோடாகும், அது சந்தாகும், சந்து ஒரு பாறையில் முட்டிக்கொள்ளும். பாறைக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கும். மலைமேல் ஏறுகிற வெளியூர்க்காரர்கள் திரும்பி நின்று கீழே தெரிகிற ஒன்பது கோபுரங்களையும் இருபத்தைந்து ஏக்கர் கோயிலையும் படம் எடுப்பார்கள். படத்தின் அடி ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் சிமெண்டு ஷீட்டுகளும் வந்து விழும். அவற்றில் கணிசமானவை என் கடைச் சரக்கு.

1989 செப்டம்பரில் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து இந்த ஊரை மாவட்டத் தலைநகர் ஆக்கினார்கள். அதன் பிறகுதான் எனக்குக் கடை வைக்கும் துணிச்சல் வந்தது. பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. லாட்ஜுகள், மண்டபங்கள், ஆசிரமங்கள், செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடுகள். கிரிவலப் பாதையை ஒட்டிய மானாவாரி நிலம் மனை விலைக்குப் போனது. இவ்வளவுக்கும் வேலையாள் வேண்டுமே. பூக்கட்ட, இலை எடுக்க, ஆட்டோ ஓட்ட, கலவை குழைக்கச் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. சரிவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டால் வாடகை மிச்சம், வேலைக்கு நடந்தே இறங்கிவிடலாம். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான்.

நோட்டைப் புரட்டினால் ஒரு குடும்பத்தின் கதையே தெரியும். ஓலைக்குடிசை என் கடைக்கு வராது. முதல் வரவு நான்கு மூட்டை. மழைக்கு முன்னால் தரைக்குப் பூச. இரண்டு வருஷம் கழித்து ஹாலோ பிளாக் இருநூறு. பிறகு ஷீட்டு, குழாய், ஆணி. பெண்ணுக்கு வரன் வரும் வருஷத்தில் கம்பி, ஜல்லி, முப்பது மூட்டை: தளம் போடுகிறார்கள் என்று அர்த்தம். கடன் இழுத்தடித்தவர்கள் உண்டு. ஏமாற்றியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். தளம் போட்ட அன்று சாயங்காலம் கேசரி கொண்டுவந்து கொடுப்பார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அண்ணாமலை என்றால் அண்ண முடியாத மலை, நெருங்க முடியாதது என்று பொருள் சொல்வார்கள் பெரியவர்கள். எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்பதற்கு என்னிடம் கையெழுத்தோடு கணக்கு இருக்கிறது.

மலைக்கணக்கில் ஏ.கூ. காலியாக இருந்த பெயர் ஒன்றே ஒன்று. 1998 வாக்கில் புருஷனோடு வந்த சித்தாள் அந்தப் பெண். எனக்காக மற்றவர்கள் வீட்டுக்கு மூட்டை சுமந்தவள். தன் வீட்டுக்கு மூட்டை எடுத்தபோது, "எனக்கு எதுக்குண்ணா கூலி போடுற, நான்தானே தூக்கினு போறேன்" என்று சிரித்தாள்.

இதெல்லாம் என் வாழ்க்கையின் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் நான் மரம் நடுகிறவன்.

நான் பையனாக இருந்தபோது மலை மொட்டையாக இருந்தது. இன்று கந்தாசிரமத்துக்கு நிழலில் நடந்து போகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஆடு மேய்ந்தது, விறகுக்கட்டு தினமும் இறங்கியது, வெயில் காலத்தில் தீ வைத்தார்கள். காய்ந்த புல்லை எரித்தால் மழைக்குப் புதுப்புல் வரும் என்று மேய்ச்சல்காரர்களுக்கு ஒரு கணக்கு. எண்பதுகளின் கடைசியில் இங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, மலையை மூட உதவி கேட்டு ஆஸ்திரேலியாவில் காடுகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஜான் சீட் என்பவரின் அமைப்புக்குக் கடிதம் எழுதினார். பணமும் ஆட்களும் வந்தன. 1988-இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி உண்டானது. பின்னாளில் ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்பினர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். நாற்றங்காலில் இலுப்பை, மகிழம், நாவல், உசிலை, வெப்பாலை என்று இந்த மண்ணின் மரங்களாகத் தேடி வளர்த்தார்கள்.

அவர்கள் என் கடைக்குக் கடப்பாரை வாங்க வந்தார்கள். முதலில் எனக்கு அது வியாபாரம்; அவ்வளவுதான். "குழி எடுத்துக் காட்டுங்க, உங்க கடப்பாரை முனை மழுங்குதான்னு பாருங்க" என்று ஒருவர் கேலியாகக் கூப்பிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மலையில் குழி எடுப்பது வேறு வித்தை. ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை தட்டும். பாறை இல்லாத இடத்தைக் கம்பியால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளில் பதினைந்து குழி எடுத்தால் பெரிய ஆள். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி, மழை இறங்கியதும் கன்று, வெயிலுக்குத் தலைச்சுமையாகத் தண்ணீர். அங்கேயும் ஏற்றம்தான், ஏத்துக்கூலி இல்லாத ஏற்றம். எனக்கு அது பிடித்துப்போனது. கடையில் நாள் முழுக்கக் காசு எண்ணிய கைக்கு மண் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

நடுவது பாதி வேலை. மாசி, பங்குனியில் தீயை அண்டவிடாமல் இருப்பதுதான் மீதி. மழை முடிந்த கையோடு, தை மாதத்தில், தீத்தடுப்புக் கோடு போடுவோம்: இரண்டு ஆள் நீளம் அகலத்துக்குப் புல்லை அடியோடு அறுத்துச் சரிவில் ஒரு பாதை மாதிரி விடுவது. தீ அதுவரை வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும் என்பது எண்ணம். பல தடவை நிற்கும். காற்று கிளம்பினால் தாண்டும். ஒரு மாசி இரவு, மணி இரண்டு இருக்கும், நாற்பது ஐம்பது பேர் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்று அடித்தோம். வனத்துறை ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆசிரமத்துச் சாமியார் ஒருவர், இரண்டு ஜெர்மன்காரப் பெண்கள், மாடு மேய்க்கிற பையன்கள். எலுமிச்சைப்புல் எரிந்தால் மணக்கும். கேட்க நன்றாக இருக்கும். அந்தப் புகையில் மூன்று மணி நேரம் நின்றவனுக்கு அந்த மணத்தை நினைத்தாலே இருமல் வரும். விடிந்தபோது ஏழு வருஷக் கன்றுகள் ஒரு பக்கம் முழுக்கக் கரியாக நின்றன. யாரும் பேசாமல் இறங்கினோம். அந்த வருஷம் மழைக்கு அதே இடத்தில் மறுபடி குழி.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் குறைவாக நினைக்கவில்லை என்பது தெரிய வேண்டும். ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

தீத்தடுப்புக் கோடு எங்கெங்கே போடுவது என்று நாங்கள் ஒரு சார்ட் பேப்பரில் மலையை வரைந்து வைத்திருந்தோம். வட்டமாக மலை, சுற்றிலும் எட்டு லிங்கங்கள், உள்ளே பச்சை ஸ்கெட்ச்சில் நட்ட இடங்கள், சிவப்பில் கோடுகள். தெற்கும் மேற்கும் நெருக்கமாக நிறைந்திருந்தது. ஊரைப் பார்த்த சரிவில், பேகோபுரத்துக்கு மேலே, யாரோ பேனாவால் 'வீடுகள்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வீடுகள் என்றால் காடு இல்லை; காடு இல்லை என்றால் நம் வேலை இல்லை. பதினைந்து வருஷம் அந்த வரைபடம் எங்கள் சுவரில் தொங்கியது. வீடுகள் எவை என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் வாசல் வாசலாகத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

2016 தொடக்கத்தில் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் வேலை வேகமெடுத்தது. பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு இடம் போதவில்லை என்றார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் ஜேசிபி வந்து நின்றது புளியும் வேம்பும் புங்கனும் இருந்த ஓரத்தில். காட்டுப்பக்கம் மண் வெட்டினார்கள். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் போகும் பள்ளங்கள் அங்கேதான். அந்த நாட்களில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மரங்களை எண்ணினோம், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, சுற்றளவு அளந்து எழுதினோம். எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதினார்கள், சென்னையில் ஆள் தெரிந்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வேலையை நிறுத்தச் சொன்ன செய்தி வந்த அன்று, டீக்கடையில் எல்லோருக்கும் நான்தான் காசு கொடுத்தேன். பிறகு திட்டத்தை மாற்றினார்கள், பாதையும் ஒருவழியாக வந்தது. எங்கள் எண் பூசிய மரங்களில் பல இன்றும் நிற்கின்றன. அதில் ஒரு புளியமரத்தைத் தாண்டும்போதெல்லாம் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவேன்.

சாதாரண மனிதர்கள் சேர்ந்தால் ஆகும் என்று அப்போது தெரிந்துகொண்டோம். யாருக்காகச் சேர்கிறோம் என்ற கேள்வி அப்போது எழவில்லை. 2023-இல் ஊர்க் குப்பையைப் புனல்காட்டில் கொட்டும் ஏற்பாடு வந்தது. கவுத்தி மலைக்குப் பக்கத்துச் சின்னக் கிராமம். அந்த ஊர்ப் பெண்கள் பந்தல் போட்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து எழுத்தாளர்கள் சிலர் போனார்கள். நான் ஒரு நாள் போய்ப் பந்தலுக்குக் கயிறும் தார்ப்பாயும் கொடுத்துவிட்டு வந்தேன். "இது உங்க வூட்டுக் குப்பைதானே சார்" என்று ஒரு கிழவி கேட்டாள். குரலில் கோபமே இல்லை. விவரம் கேட்பதுபோல் கேட்டாள். அடுத்த நாள் போகவில்லை. கடையில் வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 30-ஆம் தேதி காலை டிவியில் வயநாட்டு நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலை. கடையில் நான், மகன், இரண்டு கொத்தனார்கள், அப்புறம் அந்தச் சித்தாள் பெண். ஆற்றில் மிதந்து வந்த வீட்டுச் சாமான்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். "அது மண்ணு மலைண்ணா, நம்மளுது கல்லு மலை. இது அசையாது" என்றார் மூத்த கொத்தனார். அருணாசலம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது, அசலம் என்றால் அசையாதது என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஜல்லிச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதே ஆகஸ்டில் ஊர் மாநகராட்சி ஆனது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய புயல் நகர்ந்துபோக வேண்டும். இது அங்கேயே பல மணி நேரம் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல். மறுநாள் மேற்கே ஊத்தங்கரையில் ஐம்பது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை, கரண்ட் இல்லை. கடைக்குள் தண்ணீர் வந்தால் மூட்டைகளை மேலே ஏற்ற வேண்டுமே என்று போயிருந்தேன். பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் தண்ணீர் செம்மண் நிறத்தில், சத்தத்தோடு ஓடியது. மலை தெரியவில்லை. மேகம் தெரு முனை வரை இறங்கியிருந்தது.

சாயங்காலம் ஒரு சத்தம். லாரியில் ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம், காது அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இந்த மழையில் எவன் ஜல்லி இறக்குகிறான் என்று எரிச்சல்கூட வந்தது. கொட்டும் சத்தம் முடியும் நேரத்தில் முடியவில்லை. பிறகு முடிந்தது. அதற்கப்புறம்தான் மேலேயிருந்து ஆட்களின் குரல்.

வ.உ.சி. நகரில் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சந்தில் முழங்கால் வரை சேறு. பச்சை மண்ணின் வாடை, நசுங்கிய வேர்களின் வாடை; புதிதாகக் கடைக்கால் தோண்டிய இடத்தில் வருமே, அந்த வாடை ஒரு தெரு முழுக்க. மேலே, வீடுகளுக்கெல்லாம் மேலே எங்கிருந்தோ, மண்ணும் மரமும் கல்லுமாக இறங்கி ஒரு வீட்டை மூடியிருந்தது. வீட்டுக்கு மேலே இன்னொரு பெரிய பாறை, எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்பதுபோல் நின்றது. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து குழந்தைகள்.

ஜேசிபி நுழைய இடமில்லை. வண்டி போகாத சந்து. அதற்குத்தானே நான் தனிக்கூலி வாங்கினேன். கையால்தான் மண்ணை எடுக்க வேண்டும். யாரோ என்னைப் பார்த்து, "கடையத் தொறண்ணா, கடப்பாரை வேணும்" என்று கத்தினார்கள். திறந்தேன். கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு, கயிறு, டார்ச் லைட்டு, இருந்ததெல்லாம் மேலே போயிற்று. பாண்டுகள் கை மாறிக் கை மாறி இறங்கின. தளம் போடும் நாளில் ஜல்லிக்கலவை இப்படித்தான் வரிசையாக ஏறும். அன்று மண் இறங்கியது. அந்தச் சித்தாள் பெண் வரிசையில் எனக்கு இரண்டு ஆள் மேலே நின்றாள். அவள் வீடு அங்கிருந்து நான்கு சந்து தள்ளி. பிள்ளைகளைக் கோயில் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். மழை விடவில்லை. மேலே நின்ற பாறைக்குப் பயந்து அவ்வப்போது எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்குவோம், நிற்போம், மறுபடி ஏறுவோம்.

நள்ளிரவுக்கு மேல் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கடைக்குப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றி, நோட்டுகளை எடுத்துத் தேடினேன். ஏழெட்டு நோட்டு. கை சேற்றில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அந்த வீட்டுக்கணக்கு என் நோட்டில் இல்லை. வேறு கடையில் வாங்கியிருக்கிறார்கள். இல்லை என்று உறுதியானதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றுவரை கூசுகிறேன். பக்கத்து வீடு இருந்தது. அதற்குப் பக்கத்து வீடு இருந்தது.

மறுநாள் சாயங்காலம்தான் உடல்கள் வெளியே வரத் தொடங்கின. ஏழு பேரையும் எடுக்க அடுத்த நாளும் ஆனது. அதைப் பற்றி எழுத என்னிடம் சொல் இல்லை; இருந்தாலும் எழுத மாட்டேன்.

அந்த வாரம் முழுக்க டீக்கடையில் எல்லோரும் நிபுணர்கள். மரம் இருந்திருந்தால் நின்றிருக்கும் என்றார் ஒருவர், எங்கள் குழுவைச் சேர்ந்தவர்தான். நானும் மரம் நட்டவன். அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். வயநாட்டில் மரத்துக்கா பஞ்சம்? எனக்குத் தெரிந்தது கலவை. கலவையில் தண்ணீர் கூடிப்போனால் பிடிப்பு விட்டுவிடும். எந்தக் கொத்தனாரும் சொல்வார். நம் மலையில் பாறைமேல் மண் ஒரு போர்வை மாதிரிதான் கிடக்கிறது, நாங்கள் குழி எடுத்தபோது தட்டித் தட்டிக் கண்டதுதான். அந்தப் போர்வை இரண்டு நாள் மழையைக் குடித்துக் கனத்தால், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறைக்குப் பிடிமானம் ஏது? வீடுகள் அந்தச் சரிவைத் தொடங்கி வைக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து தண்ணீர் இறங்க ஓடைகள் இருந்தன. சரிவில் வீட்டுக்குச் சமமாக இடம் வேண்டுமென்றால் மேல்பக்கம் வெட்டிக் கீழ்ப்பக்கம் கொட்ட வேண்டும். கொட்டிய மண் ஓடையில் போகும். வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடக்கும் ஓடை, பார்க்கிறவனுக்கு மனையாகத்தான் தெரியும்.

டிசம்பர் 4-ஆம் தேதி கோயிலில் கொடி ஏறியது. ஊர் என்ன செய்யும், திருவிழா நிற்காது. புவியியல் வல்லுநர்கள் மலையில் ஏறிப் பார்த்தார்கள். அந்த வருஷம் பக்தர்கள் மலையேறத் தடை. கொப்பரையையும் நெய்யையும் தூக்கிப்போகிறவர்கள், தீபம் ஏற்றும் உரிமை உள்ள பருவதராஜ குலத்தார், வேலைக்கு வேண்டியவர்கள் மட்டும். நெய் டின்கள் மழையில் நனைந்த சரிவில் தோள்மேல் போவதைக் கீழேயிருந்து பார்த்தேன். டிசம்பர் 13 சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. நானும் சொன்னேன். வ.உ.சி. நகர்ப் பக்கமிருந்தும் அந்தக் குரல் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. பதினோரு நாள் எரியும் தீபம் அது. இரவில் அதன் கீழே சரிவில் சின்னச் சின்னதாக வீட்டு விளக்குகள். முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த வருஷம்தான் எண்ணிப் பார்த்தேன்.

மலை ஆக்கிரமிப்புகளைப் பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. தை பிறந்ததும் தீத்தடுப்புக் கோட்டுக்கு நாள் குறிக்க எங்கள் குழு கூடியது. பேச்சு அங்கேதான் போயிற்று. இத்தனை வருஷம் கன்றுக்குத் தண்ணீர் சுமந்த நல்லவர்கள், "எல்லாத்தையும் எடுத்துட்டா மலை தப்பிக்கும்" என்றார்கள். ஒருவர் வரைபடத்தில் 'வீடுகள்' என்ற இடத்தைப் பச்சை ஸ்கெட்ச்சால் கோடு போட்டே காட்டினார். எடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு டீச்சரம்மா கேட்டார். அரசாங்கம் ஏதாவது பண்ணும் என்று பதில் வந்தது. நான், "அதெல்லாம் என் சிமெண்டுதாங்க" என்றேன். தமாஷ் என்று எண்ணி இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை.

கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்றால், முதல் ஞாயிறு கந்தாசிரமத்துக்கு மேலே கோடு போடுவது. இரண்டாவது ஞாயிறு, யாருக்கு விருப்பமோ அவர்கள், ஊர்ச்சரிவில் ஓடைகளை நடந்து பார்ப்பது. மனிதர்களை வைத்துக்கொண்டு வரையப்படும் வரைபடத்துக்கு எங்களிடம் பழக்கம் இல்லை. கேட்டால் கதவைச் சாத்துவார்கள், அளக்க வந்திருக்கிறோம் என்று பயப்படுவார்கள் என்றார்கள். அது சரிதான்.

அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் அந்தச் சித்தாள் பெண் கடைக்கு வந்தாள்.

"ஆறு மூட்டை வேணும்ண்ணா."

"எதுக்கும்மா?"

"பின்னால செவுரு சாஞ்சுகினு இருக்குது. மண்ணு வந்து முட்டுது. அணைச்சாப்புல ஒண்ணு கட்டிட்டா தேவலாம்."

மகன் மூட்டைக்கு எழுந்தான். நான் கை காட்டி நிறுத்தினேன். வேண்டாம்மா, அங்கே கட்டாதே என்றேன்.

"எங்க கட்டட்டும்?" என்றாள். புனல்காட்டுக் கிழவியின் அதே குரல். "நீ குடுக்காட்டி வேற கடையில வாங்குவேன். மழைக்குள்ள செவுரு நிக்கணும். பொண்ணு முழுகாம இருக்குதுண்ணா."

சரி, முதலில் இடத்தைக் காட்டு என்று கூடவே ஏறினேன். முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ மூட்டையை அனுப்பியிருக்கிறேன். அந்தப் படிகளில் கடைசி வரை நான் ஏறியது அதுதான் முதல் தடவை. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் வீட்டுக்குப் பின்னால் சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஈர மண் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றது. சுவரை ஒட்டிக் கூழாங்கற்கள்: வழவழப்பாக, உருண்டையாக. தண்ணீர் உருட்டிய கல். கடையில் கல் விற்றவனுக்குக் கல்லைப் பார்த்தால் தெரியும்.

"இது ஓடைம்மா."

"இருக்கும். நாங்க வந்தப்பவே காஞ்சுதான் கெடந்துது."

அவள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தேன். மேலே பாறை இடுக்கிலிருந்து அந்தத் தடம், இப்போது பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணுக்கு, தெளிவாகவே தெரிந்தது. வளைந்து, அவள் வீட்டைத் தொட்டு, கீழே ஷீட்டுகளுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் ஊரை நோக்கி இறங்கியது. தடத்தின்மேல் இருந்த வீடுகளை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றையும் கீழேயிருந்து மேலே பெயர் சொல்லிச் சொல்லி வந்தேன். ஒன்பதுக்கு எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. தெரியாத இரண்டுக்கு அவள் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து அதன் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன், நாளைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட.

"மூட்டைக்கு என்ன ஆச்சுண்ணா?" என்றாள் இறங்கும்போது.

நாளைக்கு நாலு பேர் வருவார்கள், சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அளக்கவா என்றாள். இல்லை, ஓடையைப் பார்க்க என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும், "வெயிலுக்கு முன்னால வரச் சொல்லு, நான் டீ போடறேன். எந்தப் பக்கம் தண்ணி வந்துச்சுன்னு நான் காட்டறேன்" என்றாள்.